80,000 கலம் நெல்லும் ஒரு பாத்திரமும்

எங்க ஊர்ல 'பங்கு'ன்னா முதல்ல தண்ணிதான். வாய்க்கால்ல முறைத்தண்ணி வரும்போது யார் மடை முதல்ல திறக்கணும், எத்தனை நேரம் திறந்திருக்கணும் என்பதெல்லாம் பங்கு. அடுத்தது நிலம். அண்ணன் தம்பி பிரிச்சுக்கிட்டா பங்கு, பிரிச்ச பிறகு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காம போனா பங்காளி. மூணாவது களத்து மேடு. கதிர் அடிச்சு, தூத்தி, குவிச்சு, கண்டுமுதல் எவ்வளவுன்னு அளந்த பிறகு நிலத்துக்காரருக்கு இவ்வளவு, குத்தகைக்காரருக்கு இவ்வளவு, வண்ணாருக்கு, நாவிதருக்கு, கொல்லருக்கு, வெட்டியாருக்கு இவ்வளவு என்று அங்கேயே அளந்து விடுவார்கள். கடைசியில் சொன்ன இதற்கு அந்தக் காலத்தில் 'சுதந்திரம்' என்று பேர். 1947-க்கு முன்னாடியே எங்க களத்துல சுதந்திரம் இருந்ததுன்னு எங்க தாத்தா கிண்டலா சொல்லுவார்.

திருவையாற்றிலிருந்து வடக்கே போய்க் கொள்ளிடம் பாலத்தைத் தாண்டினால் இன்னொரு பங்கு இருக்கிறது. திருமானூர்ப் பக்கத்துக் கத்தோலிக்க ஊர்களில் போய் 'உங்க ஊர் எது?' என்று கேட்டால் ஊர்ப் பேரோடு 'இன்ன பங்கு' என்றும் சேர்த்துச் சொல்வார்கள். ஒரு சாமியாரின் பொறுப்பில் இருக்கிற பெரிய கோயில், அதைச் சேர்ந்த நாலைந்து கிளைக் கிராமங்கள், அங்கேயுள்ள குடும்பங்கள், கல்லறைத் தோட்டம் எல்லாம் சேர்ந்தது ஒரு பங்கு. சி.எஸ்.ஐ. சபைக்காரர்கள் இதையே 'குருசேகரம்' என்பார்கள். எனக்கு இந்த இரண்டு வார்த்தையும் ரொம்பப் பிடிக்கும். களத்துல முதல்ல சேகரம், அப்புறம்தான் பங்கு. சேர்க்காமல் பிரிக்க முடியாது. சர்ச்சுக்குப் பேர் வைத்தவர்கள் இதை யோசித்துத்தான் வைத்தார்களோ என்னவோ, விவசாயி காதுக்கு அப்படித்தான் விழுகிறது.

அப்படியானால் இந்த டெல்டாவில் ஒரு கிறிஸ்தவப் பங்கு எதைச் சேர்த்தது, எதைப் பங்கு போட்டது? சாமி, ஜெபம் இதெல்லாம் அவரவர் நம்பிக்கை, அதுக்குள்ள நான் போகல. நெல்லு, மாடு, வாய்க்கால், கொடுத்த வாக்கு, இந்தக் கணக்கை மட்டும் பார்க்கலாம். இதில் சரித்திரத்தில் எழுத்தாகவே பதிவான கணக்கு இருக்கிறது.

முதலில் ஏலாக்குறிச்சி. கொள்ளிடத்துக்கு வடகரையில், இப்போ அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது. இத்தாலியில் 1680-இல் பிறந்து இங்கே வந்து தமிழ் படித்து, நமக்கு வீரமாமுனிவராக ஆன பெஸ்கி பாதிரியார் அந்த ஊருக்குத் திருக்காவலூர் என்று பேர் வைத்து, அடைக்கல மாதா கோயிலை நிலைநாட்டியவர். தேம்பாவணி எழுதினார், சதுரகராதி தொகுத்தார், இதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அவர் எழுதிய 'வேதியர் ஒழுக்கம்' என்ற உரைநடை நூலைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. வேதியர் என்றால் இங்கே ஊர் ஊராக இருந்து மக்களை நடத்திய உள்ளூர்க் கிறிஸ்தவர்கள். பாதிரியார் ஒருவர், ஊர்கள் பல, நடுவில் ஆறுகள், மழைக்காலம், படைகளின் நடமாட்டம். சாமியார் ஒரு ஊருக்குத் திரும்பி வர மாதக் கணக்காகும். அதுவரை சாகக் கிடக்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபம் சொல்ல, பிறந்த குழந்தை பிழைக்காது என்றால் அவசரத்துக்கு ஞானஸ்நானம் கொடுக்க, இரண்டு வீட்டுச் சண்டையை விலக்க உள்ளூர் ஆள் வேண்டும். அந்த ஆள் யோக்கியமாக இருக்க வேண்டும். அதற்குத்தான் அந்த நூல். பங்கு என்ற அமைப்பு கட்டடத்தால் நின்றதை விட இந்த ஆட்களால்தான் நின்றது என்பது என் அபிப்பிராயம்.

இந்த ஆட்கள் என்ன செய்யக் கூடியவர்கள் என்பதற்குப் பெரிய சாட்சி ஆற்றுக்குத் தென்புறம், திருவையாற்றிலிருந்து 13 கிலோமீட்டரில் தஞ்சாவூரில் இருக்கிறது. அது புராட்டஸ்டண்ட் சபை. பெஸ்கிக்கும் தரங்கம்பாடி லுத்தரன்காரர்களுக்கும் ஆகவே ஆகாது, அவர்களைக் கண்டித்துத் தனியாகப் புத்தகமே எழுதியிருக்கிறார். ஆனால் ஊருக்குள் வேலை நடந்த விதம் ஏறக்குறைய ஒன்றுதான். இங்கே வேதியர், அங்கே உபதேசியார்.

தஞ்சாவூர்ச் சபையை வளர்த்தவர் கிறிஸ்டியன் பிரெடரிக் சுவார்ட்ஸ். பிரஷ்யாக்காரர். 1726-இல் பிறந்து, 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்து, திருச்சியில் பல வருஷம் இருந்து, 1778-இல் தஞ்சாவூரோடு தங்கிவிட்டார். ஜனங்கள் அவரைச் சுவார்ட்ஸ் ஐயர் என்பார்கள். பாதிரியாரை ஐயர் என்பது அந்தக் காலத்து வழக்கம், குழம்பிக்க வேண்டாம். தமிழ், மராத்தி, பாரசீகம் எல்லாம் பேசுவார். கோட்டைக்குள் சிவகங்கைத் தோட்டத்துப் பக்கம் 1779-இல் அவர் காலத்தில் எழும்பிய கோயில் இன்றைக்கும் இருக்கிறது.

1780-இல் ஹைதர் அலி கர்நாடகத்துக்குள் இறங்கினார். 1781-இல் தஞ்சாவூர்ச் சீமை முழுக்கச் சூறை. எங்க பக்கம் பெரியவங்க 'ஹைதர் கலாபம்'னு சொல்றது இதைத்தான். ஆடு மாடு போச்சு, நெல்லு போச்சு, ஆளும் போச்சு. தியாகராஜ சுவாமிகள் அப்போ 14 வயசுப் பையன். அவர் பாட்டைக் கேட்கத் திருவையாறு வருகிறவர்கள் இந்தப் பஞ்சத்தையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

தஞ்சைக் கோட்டைக்குள் தானியம் தீர்ந்து போனது. சிப்பாய்கள் பசியில் சுருண்டு விழுந்தார்கள், காலையில் தெருவில் பிணம் கிடந்தது என்று சுவார்ட்ஸ் பின்னால் எழுதியிருக்கிறார். வேடிக்கை என்னவென்றால் சுற்றுவட்டாரத்தில் நெல்லே இல்லை என்று சொல்ல முடியாது. இருந்தது. கொண்டு வரத்தான் ஆள் இல்லை, மாடு இல்லை. ஏன் இல்லை? முன்னால் கொண்டு வந்தவனுக்குக் காசு கொடுக்கவில்லை, மாட்டையும் பிடித்துக்கொண்டார்கள். ராஜாவின் அதிகாரியும் ஏமாற்றினான், கும்பெனிக்காரனும் ஏமாற்றினான். ஒரு தடவை ஏமாந்த குடியானவன் மறுபடி வண்டி கட்டுவானா? இன்றைக்குக் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் என்று சொல்லிப் பத்து நாள் மூட்டையோடு படுக்க வைத்தால், அடுத்த வருஷம் அவன் வியாபாரியிடம்தான் போவான். அதே மனசுதான்.

அப்போது துளஜா ராஜா ஒரு காரியம் செய்தார். நம்ம இரண்டு பேர் பேச்சுக்கும் ஜனங்களிடம் மரியாதை போய்விட்டது, அந்தப் பாதிரியாரை நம்புகிறார்களா பார்ப்போம் என்கிற பொருள்பட வெள்ளைக்காரத் துரையிடம் சொல்லி, எதுவும் எழுதாத வெற்றுத் தாளைச் சுவார்ட்ஸுக்கு அனுப்பினார். நீயே பேசி ஒப்பந்தம் போட்டுக்கொள் என்று அர்த்தம். ஒரு அரசாங்கம் தன் கடன்வாங்கும் யோக்கியதையை அடுத்தவனிடம் கொடுத்தது போல.

சுவார்ட்ஸ் நாலு பக்கமும் கடிதம் அனுப்பினார். அதில் இரண்டே இரண்டு வாக்கு. காசு என் கையாலேயே தருகிறேன். வழியில் எதிரி உன் மாட்டைப் பிடித்துக்கொண்டால் அதற்கும் விலை நானே தருகிறேன். இரண்டாவது வாக்கை விவசாயி அல்லாதவர்கள் எளிதில் தாண்டிப் போய்விடுவார்கள். மாடு போனால் நெல் மட்டுமா போகிறது? அடுத்த உழவு போகிறது, எரு போகிறது, அவன் வீடே உட்கார்ந்து விடும். மாட்டுக்கு உத்தரவாதம் கொடுத்த கடிதத்தை எழுதியவருக்கு உழுகிறவன் பயம் எங்கே இருக்கிறதென்று தெரிந்திருக்கிறது.

ஒன்றிரண்டு நாளில் ஆயிரத்துக்கு மேல் எருதுகள் வந்து சேர்ந்தன. ஒரு உபதேசியாரும் சபையைச் சேர்ந்த மற்ற கிறிஸ்தவர்களும் அந்த மாடுகளை ஓட்டிக்கொண்டு நாட்டுப்புறத்துக்குள் போனார்கள். வெளியே எதிரிக் குதிரைப்படை. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போய், கொஞ்ச நாளிலேயே 80,000 கலம் தானியத்தைக் கோட்டைக்குள் கொண்டு வந்து சேர்த்தார்கள். கோட்டை பிழைத்தது. எல்லாம் முடிந்ததும் சுவார்ட்ஸ் சொன்னபடி காசைக் கொடுத்து, மேலே சின்ன அன்பளிப்பும் கொடுத்து அனுப்பினார்.

இந்த 80,000 கலத்தைக் கொஞ்சம் அளந்து பார்க்கணும். கலம் என்பது 12 மரக்கால். எங்க பக்கத்து வழக்கத்தில் இரண்டு கலம் ஒரு மூட்டை. பழைய மரக்கால் இதே அளவென்று வைத்துக்கொண்டால் 40,000 மூட்டை. இன்றைக்கு லாரியில் ஏற்றினாலே சுமை தூக்கும் ஆட்களுக்கு நாக்கு தள்ளிவிடும். பொதிமாடு ஒரு நடைக்கு இரண்டு மூட்டை சுமந்தாலும், ஆயிரம் மாட்டுக்கும் ஆளுக்கு இருபது நடை. வைக்கோல் யார் போட்டது, தண்ணி எங்கே காட்டினார்கள், ராத்திரியில் நடத்தினார்களா பகலிலா, இதெல்லாம் கடிதத்தில் கிடையாது. போன உபதேசியாரின் பேரும் கிடையாது.

அந்தக் கடிதம் எழுதப்பட்ட காரணமே தனிக் கதை. 1793-இல் லண்டனில் நடந்த ஒரு விவாதத்தில் ஒரு கனவான் எழுந்து, சுவார்ட்ஸ் சேர்த்த கிறிஸ்தவர்கள் எல்லாம் திருட்டுப் பயல்கள் என்று பேசிவிட்டார். அதற்குப் பதிலாக 1794-இல் கிழவர் உட்கார்ந்து நீளமாக எழுதியதுதான் இது. தத்துவம் எதுவும் பேசவில்லை. மாடு, நெல், காசு, வாய்க்கால் என்று கணக்குக் காட்டினார்.

வாய்க்கால் கணக்கும் அதில் இருக்கிறது. கிறிஸ்தவக் குடிகள் இருந்த ஒரு பகுதியில் ஒரு வாய்க்கால் பல வருஷமாகத் தூர்வாராமல் கிடந்தது. வசூல் அதிகாரியைக் கேட்டால் பணமில்லை என்றார். பணத்தை நான் முன்கூட்டித் தருகிறேன், வெட்டுங்கள் என்று சுவார்ட்ஸ் சொல்ல, வாய்க்கால் வெட்டப்பட்டது. முன்பு 4,000 கலம் கண்ட இடத்தில் 14,000 கலம் கண்டார்கள். அந்தப் பாசனத்தில் கிறிஸ்தவன் வயல் எது மற்றவன் வயல் எது என்று தண்ணி பார்த்துப் பாயாது. குடிமராமத்து என்று அரசாங்கம் திட்டம் போட்டதே, அந்தப் பேருக்கு உண்மையான பொருள் இதுதான்.

இன்னொன்று. யுத்தம் ஓய்ந்த பிறகும் வரிக் கொடுமை ஓயவில்லை. 65,000 பேர் ஊரைவிட்டே போய்விட்டதாகச் சுவார்ட்ஸ் எழுதுகிறார். வயலெல்லாம் சும்மா கிடக்கிறது. அரண்மனையிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தார்கள், யாரும் நம்பி வரவில்லை. மறுபடியும் சுவார்ட்ஸ்தான் சொல்லியனுப்ப வேண்டியிருந்தது. ஒரே நாளில் 7,000 பேர் திரும்பி வந்தார்கள். பிறகு மற்றவர்களும் வந்தார்கள்.

வந்தபோது பருவம் ஏறக்குறையப் போய்விட்டது. மேட்டூர் அணையெல்லாம் 1934-இல் வந்தது. அதற்கு முன்னால் காவேரியில் ஆடித் தண்ணி வந்தால் வந்ததுதான். நாற்று விட்டு, ஐப்பசி அடைமழைக்கு முன்னால் நட்டு வேர் பிடிக்க வைத்தாக வேண்டும். நாள் தள்ளினால் பயிர் தண்ணியில் அழுகும், தப்பினால் பனியில் பூத்துப் பதராகும். காலம் போய்விட்டது, கொஞ்சம் முயற்சி எடுத்து உழுங்கள் என்று சுவார்ட்ஸ் கேட்க, நீங்கள் எங்களுக்குச் செய்ததற்கு நாங்கள் இரவும் பகலும் பாடுபடுகிறோம் என்கிற பொருளில் பதில் சொன்னார்களாம். திரும்பி வந்தவர்களில் பெரும்பாலோர் அவருடைய சபையைச் சேர்ந்தவர்கள் இல்லை. இதைக் கவனிக்கணும். ஒரு சின்னச் சபைக்குள் கடைப்பிடித்த ஒழுக்கம், அதாவது சொன்ன காசைச் சொன்ன நாளில் கொடுப்பது, வெளியே நாட்டுக்கே நாணயமாகச் செலாவணி ஆகியிருக்கிறது.

இதோடு முடித்தால் கதை நல்லா இருக்கும். ஆனா முடிக்க முடியாது. அந்தச் சபை எதைப் பங்கு போடவில்லை என்பதும் இருக்கிறது.

நெல்லைச் சேர்ந்து சுமந்தவர்கள் கோயிலுக்குள் சேர்ந்து உட்காரவில்லை. வேளாளக் கிறிஸ்தவர்கள் ஒரு பக்கம், பறையர் சமூகத்துக் கிறிஸ்தவர்கள் ஒரு பக்கம். திருவிருந்தில் ரசப் பாத்திரம் முதலில் வேளாளர்களிடம் போகும், பிறகுதான் மற்றவர்களிடம். இது தரங்கம்பாடியிலிருந்தே வந்த வழக்கம். சுவார்ட்ஸ் இதை உடைக்கவில்லை. பொறுமையாக இருந்தால் தானாகக் கரையும் என்று நினைத்தார். அவர் 1798-இல் செத்துப் போனார். அது கரையவில்லை.

1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் ஒரு கடிதம் அனுப்பினார். சபைக்குள் சாதி உடனே, முழுசாக, இனி எப்போதைக்குமாக விடப்பட வேண்டும் என்பது உத்தரவு. சென்னை வேப்பேரியில் நூற்றுக்கணக்கானவர்கள் வெளியே போனார்கள். தஞ்சாவூரிலும் பலர் போனார்கள். 1835 ஜனவரியில் வில்சன் தஞ்சாவூருக்கே வந்து பேசிப் பார்த்தார். வெளியே போனவர்களில் சிலர் திரும்பினார்கள், சிலர் பிறகு 1840-இல் வந்த ஜெர்மன் லுத்தரன் மிஷனோடு சேர்ந்தார்கள். அவர்கள் சாதியை ஊர் வழக்கம் என்று பார்த்து விட்டுக் கொடுத்தார்கள்.

எதிர்த்தவர்களில் முக்கியமானவர் வேதநாயக சாஸ்திரியார். 1774-இல் பாளையங்கோட்டையில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் சுவார்ட்ஸ் அவரைத் தஞ்சாவூருக்குக் கூட்டி வந்து வளர்த்தார். சரபோஜி மன்னரோடு சேர்ந்து படித்தவர், பெரிய கவிராயர். தமிழ்ச் சபைகளில் இன்றைக்கும் பாடுகிற கீர்த்தனைகளில் பல அவர் செய்தவை. புதுசா வந்த மிஷனரிகள் பழைய தமிழ் வேதப் புத்தகத்தை மாற்றுகிறார்கள், கல்யாணத்தில் பூ வைக்கக் கூடாது என்கிறார்கள், கோயிலில் நம்ம சங்கீதம் கூடாது என்கிறார்கள், சாதியைக் கலக்கச் சொல்கிறார்கள் என்று சண்டை போட்டார். படிக்கும்போது முதல் மூணுக்கும் நான் அவர் பக்கம். பூவும் பாட்டும் யாருக்கு என்ன கெடுத்தது? நாலாவதை மற்ற மூணோடு ஒரே மூட்டையில் கட்டியதுதான் நெஞ்சை உறுத்துகிறது. பூவை இழப்பதும் பக்கத்தில் உட்காருவதும் அவருக்கு ஒரே அளவு நஷ்டமாகத் தெரிந்திருக்கிறது. அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்று எழுதி வைக்க அவர்களுக்கு ஒரு கவிராயர் இல்லை.

தஞ்சாவூர் வந்தால் அந்தக் கோயிலுக்குள் போய்ப் பாருங்கள். சரபோஜி மன்னர் லண்டனில் ஜான் பிளாக்ஸ்மேன் என்ற சிற்பியிடம் சொல்லிச் செய்வித்த வெள்ளைச் சலவைக்கல் சிற்பம் இருக்கிறது. சுவார்ட்ஸ் சாகும் படுக்கையில் இருக்கிறார், சரபோஜி அவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பெரிய கோயிலுக்கு ரொம்பப் பக்கம். கூட்டம் இருக்காது.

இதெல்லாம் பழைய கதைன்னு நினைக்க வேண்டாம். டெல்டாவில் அறுப்பு முடிந்ததும் புராட்டஸ்டண்ட் சபைகளில் அறுப்பின் பண்டிகை நடக்கும். நெல், பூசணி, வாழைத்தார், சேவல், முதல் ஈத்துக் கன்று, எது விளைந்ததோ அது. ஆராதனை முடிந்து வாசலில் ஏலம். நான் இரண்டு மூணு தடவை போயிருக்கிறேன். ஒரு எலுமிச்சம்பழம் ஐந்நூறு ரூபாய்க்குப் போகும், வாங்கினவர் அதையே திருப்பிக் கொடுப்பார், மறுபடி ஏலம். ஒரு நாட்டுச் சேவலுக்கு நான் கேட்ட விலையைக் கடைசியில் ஒரு ரிட்டயர்ட் வாத்தியார் தாண்டிவிட்டார், விட்டுவிட்டேன். இன்னொன்று பிடி அரிசி. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனி டப்பாவில் போட்டு வைத்து, அதைக் கோயிலுக்குக் கொடுப்பது. பெண்கள் கையில் காசு புழங்காத காலத்தில் அவர்கள் போட்ட சேகரம் அது. இப்போ நிறைய வீட்டில் காசாக மாறிவிட்டது, சில வீட்டில் டப்பா இன்னும் இருக்கிறது.

கொள்ளிடக் கரையில் எனக்கு விதைநெல் கொடுத்து வாங்குகிற ஒருத்தர் இருக்கிறார். கத்தோலிக்கர், வயசில் மூத்தவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய பங்கில் கல்லறைத் தோட்டம் இரண்டு. நடுவில் சுவர் இல்லை, ஒரு வரிசைப் பனைமரம். எந்தப் பக்கம் யார் என்று குழந்தைக்கும் தெரியும். எங்க ஊர்ச் சுடுகாட்டுக் கதை இதைவிடக் கேவலம், அதனால் நான் அவரைக் கிண்டல் பண்ண யோக்கியதை இல்லாதவன். ஆனா அதே பங்கில், கஜா புயலில் கூரை போன வீடுகளுக்குக் கீற்று அடுக்கும்போது எந்தத் தெரு என்று யாரும் கேட்கவில்லை என்று அண்ணன் சொன்னார். ஆள் ஆளுக்கு வண்டியில் கீற்று ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

போன மாசம் விதை வாங்கப் போனபோது திருவிழாக் கூட்டம் முடிந்து வந்தார். முகம் சரியில்லை.

"என்னண்ணே, தேர் இந்த வருஷம் தெற்குத் தெருவுக்குப் போகுதா?"

"பேசிக்கிட்டு இருக்காங்க தம்பி. சாமியார் போகணும்கிறார். நாட்டாமைங்க ரோடு குறுகல்ங்கிறாங்க."

"வரி?"

"அது முடிவாயிடுச்சு. தலைக்கட்டுக்கு எண்ணூறு. எல்லாத் தெருவுக்கும் ஒண்ணுதான்."